தாய்மாரின் வழியைத் தேடுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கடல் கடந்து மணம் முடித்த பிள்ளைகளின் புகுந்த குடும்பங்களைப் பற்றிக் கேட்டு எழுதும் வாசகர்கள் இப்போது அதிகம். களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்த கடிதம் ஒன்றை முதன்மையாக வைத்து, அதே பொருளை ஒட்டிய வேறு சில கேள்விகளையும் சேர்த்து, இம்மாதப் பகுதி முழுவதையும் ஜேர்மன் வழிவந்த அமெரிக்கக் கமக்காரக் குடும்பங்களின் வம்ச வரலாற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

களுவாஞ்சிக்குடி வாசகி: எங்கள் மகள் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் வாழ்கிறாள். மருமகனின் குடும்பத்தார் ஜேர்மனியிலிருந்து போய்த் தலைமுறை தலைமுறையாகக் கமம் செய்தவர்கள். சம்பந்தி அம்மா அனுப்பிய இரண்டு பக்கக் குறிப்பில், முதல் மூதாதை 1854 இல் பிரஷ்யாவிலிருந்து வந்தார், மனைவி பெயர் மரியா, பிள்ளைகள் எட்டுப் பேர் என்பதற்கு மேல் பழைய செய்தி எதுவும் இல்லை. பேத்திக்காக இதை ஒழுங்காக எழுதி வைக்க விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

அந்தக் குறிப்பில் இரண்டு விடயங்கள் இல்லை. அவர்கள் புறப்பட்ட ஊர் இல்லை. மரியா யாருடைய மகள் என்பதும் இல்லை. ஊரைத் தேடுவதற்குத்தான் எல்லோரும் முதலில் ஓடுவார்கள். நீங்கள் மரியாவின் பிறந்த வீட்டை முதலில் தேடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தாய்வழியே குடி, அதாவது குலப் பிரிவு, சொல்லும் மண்ணில் பிறந்த உங்களுக்கு இந்தக் கேள்வி இயல்பாகவே எழுந்திருக்கும். தந்தையின் குடும்பப்பெயரைப் பிடித்துக்கொண்டு மேலேறும் அமெரிக்க வம்சக் குறிப்புகளிலோ அது பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகிறது. மனைவியின் வீட்டார் யார் என்று தெரிந்த பிறகு ஊர் தானாகத் தெரியவந்த குடும்பங்கள் பல.

பிரஷ்யா என்பது ஊரன்று. 1871 இல் ஜேர்மன் பேரரசு உருவாகும் வரை பிரஷ்யா, பவேரியா, பாடன், வூர்ட்டம்பேர்க், மெக்லன்பேர்க் என்று பல அரசுகள் தனித்தனியே இருந்தன. அவற்றுள் பிரஷ்யா மேற்கே ரைன் நதிக்கரையிலிருந்து கிழக்கே ரஷ்ய எல்லை வரை பரந்து கிடந்தது. பேரரசு முழுவதிலும் அரசே பிறப்பு, திருமணம், மரணம் ஆகியவற்றைப் பதியத் தொடங்கியது 1876 இல்தான். அதற்கு முந்தியவை பெரும்பாலும் அந்தந்தப் பங்குத் தேவாலயத்தின் பதிவேடுகளிலேயே இருப்பதால், பங்கு எதுவென்று தெரியாதவரை அக்கரையில் ஒருவரையும் கண்டுபிடிக்க இயலாது. ஆகவே தேடல் அமெரிக்கப் பதிவுகளில்தான் தொடங்க வேண்டும். அதுவும் பேத்தியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையாக, ஒவ்வொரு பிறப்புக்கும் திருமணத்துக்கும் மரணத்துக்கும் ஒரு சான்றை வைத்துக்கொண்டே மேலேற வேண்டும். இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் வம்ச விருட்சம் ஒன்றில் 1854 ஆம் ஆண்டு வந்தவரின் பெயரைக் கண்டதும் அதை அப்படியே ஒட்டிவிடாதீர்கள். ஒரே மாவட்டத்தில் ஒரே பெயருடன் இரண்டு மூன்று ஜேர்மானியர் வாழ்ந்தது சாதாரணம். இருவரை ஒருவராக்கிய விருட்சங்கள் ஒருவரிடமிருந்து மற்றவர் பிரதி செய்து பெருகியிருக்கின்றன.

அமெரிக்கக் குடிசன மதிப்பீடு 1790 இலிருந்து பத்தாண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. 1840 வரை வீட்டுத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மனைவியும் பிள்ளைகளும் வயதுப் பிரிவில் வெறும் எண்ணிக்கையாக நின்றார்கள். சுதந்திர மக்கள் ஒவ்வொருவரின் பெயரும் வயதும் பிறந்த நாடும் எழுதப்பட்ட முதல் மதிப்பீடு 1850 ஆம் ஆண்டினுடையது. உங்கள் குடும்பம் 1854 இல் வந்திருந்தால் 1860 இல் அவர்கள் பெயருடன் இருக்க வேண்டும். ஆனால் 1850, 1860, 1870 ஆகிய மூன்றிலும் வீட்டுத் தலைவருக்கு மற்றவர் என்ன உறவு என்பது எழுதப்படவில்லை; அந்த நிரல் 1880 இல்தான் சேர்க்கப்பட்டது. பிரசவத்தில் தாய் இறந்து, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தந்தை மறுமணம் செய்தது அக்காலக் கமக்கார வீடுகளில் அடிக்கடி நடந்தது. ஆகையால் 1860 இல் தலைவரின் பெயருக்குக் கீழே வரும் பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் தாய் என்று எண்ணிவிட முடியாது. எட்டுப் பிள்ளைகளுக்கும் மரியாவே தாயா, முதல் மூவருக்கு வேறொரு தாய் இருந்தாளா என்பதைப் பிள்ளைகளின் வயது இடைவெளியையும் ஒவ்வொருவரது ஞானஸ்நானப் பதிவையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

1900 ஆம் ஆண்டின் மதிப்பீட்டை நான் மிகவும் மதிக்கிறேன். பிறந்த மாதமும் ஆண்டும், நாட்டுக்கு வந்த ஆண்டும், மணமாகி எத்தனை ஆண்டுகள் என்பதும் அதில் உண்டு. அவற்றோடு ஒவ்வொரு தாயிடமும் எத்தனை பிள்ளைகளைப் பெற்றாய், இன்று உயிரோடு இருப்பவர் எத்தனை பேர் என்றும் கேட்டு எழுதினார்கள். பெற்றது பதினொன்று, இருப்பது ஏழு என்று ஒரு வரியில் கண்டால், குடும்பக் குறிப்பில் பெயரே இல்லாத நான்கு குழந்தைகள் எங்கோ ஒரு தேவாலய வளவில் அடக்கமாகியிருக்கின்றன என்று பொருள். அவர்களையும் தேடி எழுதுங்கள். அவர்களும் அந்த வீட்டில் பிறந்தவர்கள்.

பெண்ணின் தந்தையைக் காட்டும் பதிவுகள் காணிக் கந்தோரிலும் நீதிமன்றத்திலும் உள்ளன. ஒரு தந்தை மரணசாசனம் எழுதாமல் இறந்தால் காணி பிள்ளைகள் எல்லோருக்கும் பிரியும். அப்போது எழுதப்படும் உறுதிகளில் மகள்மாரின் பெயர்களும் அவர்களுடைய கணவன்மாரின் பெயர்களும் வரிசையாக வரும். கணவன் காணியை விற்கும்போது மனைவி தன் சீவிய உரிமையை விட்டுக்கொடுத்துக் கையொப்பமிட்ட உறுதிகளும் உண்டு. தாய் உயிரோடிருந்தாலும் தந்தை இறந்தால் பிள்ளைகளைச் சட்டம் அநாதைகள் என்றே கொண்டது. அவர்களுடைய பங்கைப் பாதுகாக்க நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர் சில வேளைகளில் தாய்மாமனாக இருந்தார். அவருடைய குடும்பப்பெயரே தாயின் பிறந்த வீட்டுப் பெயர்.

இவற்றுக்குப் பிறகு தேவாலயம். விஸ்கொன்சினில் குடியேறிய லூத்தரன், கத்தோலிக்க ஜேர்மானியர் தங்கள் போதகர்களைக்கொண்டு ஜேர்மன் மொழியிலேயே பதிவேடு எழுதுவித்தார்கள். ஆங்கில அரசுப் பதிவு "பிரஷ்யா" என்று நிறுத்திய இடத்தில் அந்தப் போதகர் பிறந்த கிராமத்தையே எழுதியிருக்கக்கூடும். தாயின் கன்னிப்பெயரையும் எழுதியிருப்பார். ஞானஸ்நானத் தாய் தந்தையரின் பெயர்களை ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அவர்கள் பெரும்பாலும் தாயின் அல்லது தந்தையின் உடன்பிறந்தார், அல்லது அதே ஊரிலிருந்து வந்த அயலவர். உங்கள் மூதாதையின் ஊர் எங்கும் எழுதப்படாவிட்டாலும், மரியாவின் தங்கையின் மரண அறிவித்தலிலோ தமையனின் கல்லறைக் கல்லிலோ அது இருக்கலாம். குடியுரிமைப் பத்திரங்களில் அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம்: 1906 க்கு முந்தியவற்றில் பெரும்பாலும் நாட்டின் பெயரே இருக்கும், 1922 வரை மனைவி கணவனின் குடியுரிமையையே பெற்றதால் அவளுக்கென்று தனிப் பத்திரமும் இராது.

கப்பற் பட்டியல்களில் ஹம்பேர்க் துறைமுகத்துடையவை 1850 முதல் 1934 வரை தப்பியிருக்கின்றன. பயணிகள் கடைசியாக வாழ்ந்த ஊர் அவற்றில் எழுதப்பட்டிருக்கும். பிறேமன் துறைமுகத்தினர் இடமில்லை என்று பழைய பட்டியல்களைத் தாங்களே அழித்தார்கள். எஞ்சியவற்றிலும் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் போயிற்று. நியூயோர்க்கில் இறங்கியோரின் பட்டியல்கள் 1820 இலிருந்து உள்ளன. இவற்றுள் பலவற்றை ஃபமிலிசேர்ச் என்ற இலவச இணையத்தளத்தில் களுவாஞ்சிக்குடியில் இருந்தபடியே பார்க்கலாம். 1894 இல் யூட்டாவில் மோர்மன் சபையினர் தொடங்கிய வம்ச வரலாற்றுச் சங்கம் 1938 இலிருந்து உலகெங்கும் எடுத்த நுண்படச் சுருள்களே அதன் அடித்தளம்.

கல்முனை வாசகர்: அமெரிக்காவில் இறங்கியதும் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் வந்தவர்களின் பெயர்களை மாற்றிவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மையில்லை. நியூயோர்க் துறைமுகத்திலுள்ள எல்லிஸ் தீவுக் குடிவரவு நிலையம் திறக்கப்பட்டது 1892 ஜனவரி 1 இல். ஜேர்மன் கமக்காரக் குடும்பங்களில் மிகப் பல அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டன. 1855 முதல் 1890 வரை நியூயோர்க்கில் அவர்கள் இறங்கிய இடம் காசில் கார்டன். எல்லிஸ் தீவிலும் அதிகாரிகள் கப்பற்காரர் கொண்டுவந்த பட்டியலைச் சரிபார்த்தார்களே தவிர, பெயர் எழுதிக் கொடுக்கவில்லை. மாற்றங்கள் பிறகு, மெதுவாக, ஆங்கிலம் பேசும் எழுதுவினைஞர் கையிலும் பள்ளிக்கூடத்திலும் நடந்தன. குடும்பத்தார் தாமே விரும்பி மாற்றியதும் உண்டு. மூல்லர் மில்லராகவும், ஷ்மிட் ஸ்மித்தாகவும், ஸிம்மர்மன் கார்ப்பென்டராகவும் மாறினர். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் பணிசெய்த அமெரிக்க இயேசு சபையினர் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தைச் சேர்ந்தவர்கள் என்பது எங்கள் பழைய மாணவர்களுக்குத் தெரியும். அந்த நகருக்கு மேலே மிசிசிப்பிக் கரையில் 1720 களில் குடியேறிய ஜேர்மன் கமக்காரரின் பெயர்கள் ஆங்கிலமாகவல்ல, பிரெஞ்சாகவே மாறின: ஹூபர் ஊப்ராகவும், ட்ரொக்ஸ்லர் ட்ரோக்ளேராகவும் ஆனார்கள்.

நமக்கு நெருக்கமான வேறொரு வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வெஸ்ட்பாலியா, ஒஸ்னாபுரூக் பகுதிகளில் காணிக்கே ஒரு பெயர் இருந்தது. ஆண்மக்கள் இல்லாத வீட்டில் மகளே காணிக்கு உரியவளாக, அவளை மணந்து அந்த வளவுக்குக் குடிபோன கணவன் தன் பெயரை விட்டு அந்தக் காணியின் பெயரை ஏற்றான். பிள்ளைகளும் அதையே தாங்கினர். அந்தப் பகுதிகளிலிருந்து வந்த குடும்பத்தில் "தந்தைவழிப் பெயர்" என்று இன்று காட்டப்படுவது, தாய்வழியாக வந்த காணியின் பெயராக இருக்கலாம்.

ஒரே வீட்டில் மூன்று சகோதரருக்கும் யோஹான் என்று இருக்கிறதே என்றும் கேட்டிருந்தீர்கள். அது ஞானஸ்நானத்தின் முன்பெயர். கூப்பிட்டது இரண்டாம் பெயரால். யோஹான் பீட்டர் ஊரில் பீட்டர்தான். இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு இடும் வழக்கமும் இருந்ததால், பிறப்புப் பதிவு கிடைத்தவுடன் மரணப் பதிவேட்டையும் புரட்டிப் பாருங்கள்.

நிந்தவூர் வாசகர்: நானும் வேளாண்மை செய்பவன். அந்தக் குடும்பங்களின் காணி எவ்வளவு, என்ன விளைவித்தார்கள் என்று அறிய வழி உண்டா?

உண்டு, வியக்கத்தக்க நுணுக்கத்துடன் உண்டு. 1850, 1860, 1870, 1880 ஆகிய மதிப்பீடுகளின்போது கமங்களுக்கென்று தனிப் படிவம் நிரப்பப்பட்டது. திருத்திய காணி எத்தனை ஏக்கர், திருத்தாதது எத்தனை, காணியின் பெறுமதி, கருவிகளின் பெறுமதி, குதிரை, உழவு எருது, கறவைப் பசு, செம்மறி, பன்றி, கோதுமை, சோளம், ஓட்ஸ், உருளைக்கிழங்கு, கம்பளி, வெண்ணெய் என்று ஒவ்வொரு கமக்காரரின் பெயருக்கும் எதிரே ஓராண்டுக் கணக்கு இருக்கும். மிகச் சிறிய கமங்கள் மட்டும் விடப்பட்டன. வெண்ணெய் நிரலைக் கட்டாயம் பாருங்கள். பெரும்பாலான கமங்களில் பால் கறந்ததும் வெண்ணெய் கடைந்ததும் வீட்டுப் பெண்கள். படிவத்தின் தலையில் கணவன் பெயர் இருந்தாலும், நானூறு இறாத்தல் வெண்ணெய் என்று ஒரு கமத்துக்கு எழுதப்பட்டிருந்தால் அது அந்த வீட்டு மனைவியும் மகள்மாரும் அந்த ஆண்டு செய்த உழைப்பின் கணக்கு. அவர்களுடைய வேலை எண்ணாகப் பதிவான இடம் வேறு அதிகமில்லை.

காணி அளவு 1785 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரே சீராக வகுக்கப்பட்டது. ஆறு மைலுக்கு ஆறு மைல் கொண்ட சதுரம் ஒன்று 36 பிரிவுகள்; ஒரு பிரிவு 640 ஏக்கர்; அதன் காற்பங்கு 160 ஏக்கர், அதன் காற்பங்கு 40. நமது வட்டைகளில் உறுதி எழுதும்போது வாய்க்காலையும் வரம்பையும் அயற்காணிக்காரரையும் எல்லையாகச் சொல்வார்கள். அங்கே பிரிவின் எண்ணும் திசையுமே எல்லை. 1862 ஆம் ஆண்டுக் குடியேற்றக் காணிச் சட்டம் 160 ஏக்கரை, ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டால், சிறு கட்டணத்துடன் கொடுத்தது. மணமாகாத பெண்ணும் விதவையும் தம் பெயரில் விண்ணப்பிக்கலாம். அந்தக் கோவைகள் வொஷிங்டனிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் உள்ளன. கட்டிய வீட்டின் அளவு, பயிரிட்ட ஏக்கர், குடும்பத்தினர் எண்ணிக்கை, அயலவர் சாட்சியம் எல்லாம் அவற்றில் உண்டு. கமக்காரர் பெயர்களோடு வரையப்பட்ட பழைய காணி வரைபடங்களையும் பாருங்கள். மணமகள் பெரும்பாலும் நடந்து போகும் தூரத்திலிருந்தே வந்தாள் என்பதால், அவளுடைய தந்தையின் பெயர் அடுத்த பிரிவுகளில் ஒன்றில் இருக்கக்கூடும்.

ஏன் புறப்பட்டார்கள் என்பதும் காணியோடு சேர்ந்ததே. தென்மேற்கு ஜேர்மனியின் பல பகுதிகளில் காணி பிள்ளைகள் எல்லோருக்கும் பிரிந்து பிரிந்து, ஒரு குடும்பம் உண்ணப் போதாத துண்டுகளாயிற்று; வடக்கே பல இடங்களில் ஒருவரே முழுவதையும் பெற, மற்றவர் கூலிகளானார்கள். 1840 களில் உருளைக்கிழங்கு நோயும் விளைச்சல் குறைவும் சேர்ந்தன. 1850 களில் மட்டும் ஏறத்தாழப் பத்து இலட்சம் ஜேர்மானியர் அமெரிக்கா போனார்கள்.

மட்டக்களப்பு நகர வாசகி: எங்களிடம் இருந்த பத்திரங்கள் 1978 சூறாவளியில் பாதியும், இடம்பெயர்வில் மீதியும் போய்விட்டன. அமெரிக்கரைப் போல் எங்களால் எப்படி எழுத முடியும்?

உங்கள் கடிதம் என்னை மிகவும் பாதித்தது. 1978 நவம்பர் 23 இல் ஓடு பறந்த வீடுகளிலும், பிறகு போரிலும், 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலையிலும் இக்கரையோரத்தில் அழிந்த கடதாசிகளை யாரும் மீட்டுத் தர முடியாது. ஆனால் அழிவுக்குப் பின் எப்படித் தேடுவது என்பதை அந்த அமெரிக்கக் குடும்பங்களிடமிருந்தே கற்கலாம். 1890 ஆம் ஆண்டின் மதிப்பீடு 1921 ஜனவரியில் வொஷிங்டனில் மூண்ட தீயில் பழுதாகி, மிகச் சிறு பகுதி தவிர இன்று இல்லை. 1880 க்கும் 1900 க்கும் இடையில் பிறந்து வளர்ந்து வீட்டைவிட்டுப் போன பிள்ளைகள் பலர் அதனால் மறைந்துபோனார்கள். தேடுவோர் அந்த இருபது ஆண்டுகளை வரிப் பட்டியலாலும் பள்ளி இடாப்பாலும் தேவாலயப் பதிவாலும் நிரப்பினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த படைவீரரின் விதவை ஓய்வூதியம் பெறுவதற்குத் தன் திருமணத்தையும் பிள்ளைகளின் பிறப்பையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. சிலர் குடும்ப வேதாகமத்தில் பிறப்புகளை எழுதிவைத்த ஏட்டையே கிழித்து அனுப்பினார்கள். அரசுக் கோவைக்குள் போனதால் அந்த ஏடு இன்றும் இருக்கிறது.

உங்கள் குடும்பத்தின் பெயர்களும் உங்கள் வீட்டில் மட்டும் இருந்திருக்காது. பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் பிறப்பு, திருமணப் பதிவுகள், காணிப் பதிவகத்தின் உறுதிப் பிரதிகள், பாடசாலைச் சேர்விடாப்பு ஆகியவற்றைக் கேட்டுப் பாருங்கள். அவற்றைவிட முக்கியமாக, குடிமுறையில் திருவிழாவும் மரியாதையும் பகிரப்படும் கோயில்களில் அவற்றின் நிர்வாகிகளான வண்ணக்கர்மாரிடமும், முஸ்லிம் ஊர்களில் குடித் தலைவர்களான மரைக்காயர்மாரிடமும் கேளுங்கள். எந்தப் பெண் எந்தக் குடி, யாருடைய மகள் என்பது அவர்களுக்கு நினைவிலேயே இருக்கும். பெரியம்மாவிடமும் அம்மம்மாவின் தங்கையிடமும் இந்த மாதமே பேசுங்கள். சொன்னவர் யார், எந்தத் திகதியில் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பத்திரம் இல்லாத இடத்தில் அந்த வாய்மொழியே சான்று.

ஆரையம்பதி வாசகர்: குடும்பப்பெயர் தந்தைவழி போகிறது, குடி தாய்வழி போகிறது. இரண்டையும் ஒரே தாளில் குழப்பமில்லாமல் எழுத முறை உண்டா?

ஜேர்மானியர் பயன்படுத்தும் எண் முறை இதற்கு மிகவும் பொருத்தமானது. 1590 இல் மிக்கேல் ஐட்சிங்கர் அச்சிட்டு, 1898 இல் ஸ்ட்ரடோனிட்ஸ் பரப்பிய முறை அது. பிள்ளைக்கு எண் 1. தந்தை 2, தாய் 3. எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய தந்தை. இரட்டித்து ஒன்றைக் கூட்டினால் தாய். களுவாஞ்சிக்குடி வாசகியின் பேத்தியை 1 என்று வைத்தால் மருமகன் 2, மகள் 3, சம்பந்தி அம்மா 5, வாசகி 7. மருமகனின் குடும்பப்பெயர் 2, 4, 8, 16, 32 என்று ஏறும். நமது குடி 3, 7, 15, 31 என்று ஏறும். பேத்திக்குத் தாயின் குடியே குடி என்பதால் தந்தை எந்த நாட்டவராயினும் அந்த வரிசையில் இடைவெளி விழாது. மரியா தந்தைவழி நேர்வரிசையில் ஆறு தலைமுறை மேலே இருந்தால் அவருடைய எண் 65. அவருடைய பெற்றோர் 130, 131. பெயர் கிடைக்காத எண்ணை வெறுமையாக விடலாம், வரிசை குலையாது.

ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே பிறந்த ஊர், பிறப்பு, திருமணம், மரணம், ஒவ்வொன்றுக்கும் சான்று என்று எழுதுங்கள். நமது பக்கத்தவருக்குக் குடியையும் கோயிலையோ பள்ளிவாசலையோ சேருங்கள்; ஜேர்மன் பக்கத்தவருக்கு அந்த இடத்தில் பங்குத் தேவாலயத்தை எழுதுங்கள். மச்சான் மச்சாள் திருமணம் உள்ள நமது குடும்பங்களில் ஒரே ஆள் இரண்டு எண்களில் வருவார். ஒரே கிராமத்துக்குள் பல தலைமுறை மணம் செய்த ஜேர்மன் கமக்காரரிடமும் இதைக் காணலாம். அப்படி வரும்போது சிறிய எண்ணில் முழு விபரத்தையும் எழுதி, பெரிய எண்ணுக்கு எதிரே எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் குறித்தால் போதும்.